வாசற்படியும் சுகாதார விடயமே

சுகாதாரப் பகுதி என்றால் நீரிழிவு, கொலஸ்ரரோல், இரத்த அழுத்தம் என்று எதிர்பார்த்துத்தான் இப்பக்கத்தைத் திறப்பீர்கள். இம்முறை வீட்டு வாசலில் இருக்கும் கொங்கிறீட் படிகளைப் பற்றி எழுதுகின்றோம். இது வீடு திருத்துபவர்களின் வேலை, இதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். எமது முதியவர்களில் பலரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது நோய் மட்டுமல்ல, வீழ்ச்சியும்தான். அந்த வீழ்ச்சிக்கு இடம்கொடுக்கும் இடங்களில் உடைந்த வாசற்படி முக்கியமானது. ஆகவே இது இப்பக்கத்துக்கு உரிய விடயம் என்பதே எமது கருத்து.

கனடியப் பொதுச் சுகாதார முகவரகம் 2014 இல் வெளியிட்ட முதியோர் வீழ்ச்சி பற்றிய அறிக்கையைப் பார்த்தால் இதன் பாரதூரம் புரியும். கனடாவில் முதியோரில் 20 முதல் 30 சதவீதமானோர் ஒவ்வொரு வருடமும் விழுகின்றனர். இடுப்பு எலும்பு முறிவுகளில் 95 சதவீதம் விழுந்ததால் ஏற்படுபவை. வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டிய அளவுக்குப் போகும் வீழ்ச்சிகளில் பாதி, வீட்டிலேயே நடப்பவை. அப்படி அனுமதிக்கப்படும் முதியவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமானோர் அங்கிருந்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கே அனுப்பப்படுகின்றனர். அதாவது காலையில் தன் காலால் வாசலுக்கு இறங்கிய அம்மா, அந்த வீட்டுக்குத் திரும்பி வராமலே போகலாம்.

எமது மக்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கொஞ்சம் கூட. தெற்காசியரிடையே நீரிழிவு அதிகம் என்பது யாவரும் அறிந்ததே. நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளைப் பாதிக்கும்போது, காலடியில் படி சரிந்திருக்கிறதா, விளிம்பு உடைந்திருக்கிறதா என்பதைப் பாதம் உணர்வதில்லை. இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் சில குளிசைகள் எழும்பி நிற்கும்போது தலைச்சுற்றலைக் கொடுக்கும். இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் கீழே பார்த்தால், வாசிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். நீண்ட பனிக்காலமும் கறுத்த தோலும் சேர்ந்தால் உடலில் விற்றமின் டி குறையும், எலும்பு வலுவிழக்கும். இப்படியானவர் ஒருவர் உடைந்த படியில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெக்ஸ்போர்ட் வீடுகளின் வயது

லோறன்ஸ் அவெனியூ கிழக்கின் இரு பக்கமும், விக்ரோறியா பார்க்கில் இருந்து கிழக்கே உள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். இங்குள்ள பங்களோக்களில் மிகப் பல இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களில் கட்டப்பட்டவை. அப்போது ஸ்காபரோ தனி நகராட்சியாக இருந்தது. 1998 இல்தான் அது ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது. அன்று இளம் குடும்பங்களுக்காகக் கட்டிய வீடுகள் இவை. முன்வாசலில் மூன்று முதல் ஐந்து படி, பக்கவாசலில் இரண்டு படி, அதிலிருந்து பேஸ்மென்றுக்கு இறங்கும் வழி. 1983 இற்குப் பின் இங்கு வந்த எம்மவர்கள், பிற்காலத்தில் பெற்றோரையும் அழைத்து, இந்த வீடுகளில் குடியேறினர். இன்று படிக்கும் வயது போய்விட்டது, ஏறுபவர்களுக்கும் வயது போய்விட்டது.

கொங்கிறீட் கல்லைப் போன்றது, அழியாது என்ற எண்ணம் எம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் சீமெந்துப் படி தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். அங்கு உறைபனி இல்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கின்றது. கொங்கிறீட்டின் நுண்துளைகளில் ஊறிய தண்ணீர் இரவில் உறைந்து பருக்கும், பகலில் உருகி இன்னும் உள்ளே போகும். ரொறன்ரோவின் பனிக்காலம் பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே பருவத்தில் இது பல தடவை நடக்கின்றது. முதலில் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும், பிறகு விளிம்பு கொட்டும், பிறகு வெடிப்பு.

இதைத் தாங்குவதற்கு வழி இல்லாமலில்லை. கொங்கிறீட்டைக் குழைக்கும்போதே மிக நுண்ணிய காற்றுக் குமிழிகள் உண்டாகும்படி செய்தால், உறையும் தண்ணீர் பருக்க இடம் கிடைக்கும். இது 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க வீதிகளில் கண்டறியப்பட்ட விடயம். ஆனால் 1950களில் ஒரு வீட்டு வாசலுக்கென்று அவ்விடத்திலேயே குழைத்த கொங்கிறீட்டில் இது சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டதென்று நம்பியிருக்க முடியாது.

இதற்குமேல் உப்பு. வழுக்காமல் இருக்கத்தான் போடுகின்றோம், போடவும் வேண்டும். ஆனால் உப்பு பனியை உருக்கி, அந்த உப்புத் தண்ணீரைக் கொங்கிறீட்டுக்குள் அனுப்புகின்றது. உள்ளே இரும்புக் கம்பி இருந்தால் அது துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அநேகமான வீடுகளில் முதலில் உடைவது கைபிடியின் இரும்புக்கால் புதைந்திருக்கும் மூலைதான். எந்த இடத்தில் பிடிப்பு வேண்டுமோ அந்த இடத்திலேயே பிடி ஆடத் தொடங்குகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

மூடி மறைப்பது திருத்தமாகாது

எமது வீடுகளில் நாம் அடிக்கடி காணும் மூன்று விடயங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, பச்சை நிறத்தில் விரிக்கும் வெளிப்புறக் கம்பளம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துப் படியை எந்நேரமும் ஈரமாக வைத்திருக்கும். கீழே நடக்கும் உடைவு கண்ணுக்குத் தெரியாது. ஓரம் எழும்பினால் காலையும் தடக்கும்.

இரண்டு, பளபளக்கும் மாபிள் அல்லது ரைல்ஸ். ஊரில் வாசல் பளபளப்பாக இருந்தால் அழகு. இங்கே ஈரத்திலும் பனியிலும் அது சறுக்கும் பலகை. ரைல்ஸின் கீழே தண்ணீர் புகுந்து உறைந்தால் இரண்டு மூன்று பனிக்காலத்தில் அவை கழன்றும் விடும்.

மூன்று, ஒவ்வொரு வசந்தத்திலும் கடையில் ஒரு பை சீமெந்து வாங்கி வந்து உடைந்த இடத்தில் பூசி விடுவது. சாதாரண மண் சீமெந்துக் கலவை பழைய கொங்கிறீட்டில் நிலையாக ஒட்டாது. விளிம்பில் மெல்லிதாக இழுத்து விட்ட பூச்சு அடுத்த பனிக்காலத்தில் தகடாகக் கழரும். அப்படிக் கழரும் தருணத்தில் அதன் மேல் யாருடைய கால் இருக்கும் என்பதே கேள்வி.

சமையலறைக்குக் கிறனைற் போட, மண்டபம் எடுத்து விழாச் செய்ய, நாம் தயங்குவதில்லை. வாசற்படிக்கு மட்டும் "அடுத்த வருசம் பார்ப்பம்" என்கின்றோம். வீட்டின் எல்லாப் பகுதிகளிலும் வயதானவர்கள் தினமும் கட்டாயம் பாவிக்கும் பகுதிகளில் ஒன்று இது. அதற்கே கடைசி இடம் கொடுப்பது சரியா என்று நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

திருத்துவதா, மாற்றுவதா?

எல்லாப் படியையும் உடைத்துப் புதிதாகக் கட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்று, பார்த்த உடனேயே முழுவதையும் உடைக்க வேண்டும் என்று சொல்பவரின் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். தீர்மானிக்க வேண்டியது மேலே தெரியும் அழகை வைத்து அல்ல, கீழே உள்ள நிலையை வைத்து.

ஒரு சிறிய சுத்தியலை எடுத்துப் படியை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் உட்பகுதி உறுதி. தொம் என்று வெற்றோசை கேட்டால் மேற்படை உள்ளே கழன்று விட்டது. மேற்பரப்பு மட்டும் உரிந்து, படி அசையாமல், சரியாமல் இருந்தால் திருத்தம் போதும். கழன்றதை முழுவதுமாக நீக்கி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, தூசியைக் கழுவி, பழைய கொங்கிறீட்டை ஈரமாக்கி, அதற்கென்றே விற்கப்படும் பொலிமர் கலந்த திருத்தச் சாந்தைப் பூச வேண்டும். பிறகு சில நாட்கள் காயவிடாமல் ஈரமாகப் பேண வேண்டும். குளிர் தொடங்கிய பின் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

படி முழுவதும் ஒரு பக்கம் சரிந்திருந்தால், வீட்டுச் சுவரை விட்டு விலகி இடைவெளி விழுந்திருந்தால், தண்ணீர் வீட்டை நோக்கி ஓடினால், வெடிப்பில் துருக்கறை வழிந்தால், அங்கே பூச்சு பயன்படாது. அடித்தளமே அசைந்து விட்டது என்று பொருள். ரொறன்ரோவில் உறைபனி நிலத்துக்குள் இறங்கும் என்பதால் அத்திவாரம் 1.2 மீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பழைய படிகள் பல இவ்வளவு ஆழத்தில் நிற்பதில்லை. இப்படியானவற்றை மாற்றுவதே முறை. அவ்விடத்திலேயே வார்ப்பதைத் தவிர, தொழிற்சாலையில் வார்த்து லொறியில் கொண்டுவந்து இறக்கும் படிகளும் இங்கு உண்டு.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. இப்பகுதியின் பழைய வீடுகள் சிலவற்றில் முன்வாசல் மேடைக்குக் கீழே ஒரு குளிர் அறை இருக்கும். ஊறுகாயும் அரிசி மூட்டையும் வைக்கும் அந்தச் சிறு அறைக்கு வாசல் மேடைதான் கூரை. அந்த அறையின் மேற்தளத்தில் ஈரமும் துருவும் தெரிந்தாலோ, கொங்கிறீட் கொட்டினாலோ, அது வெறும் படிப் பிரச்சினை அல்ல. யாரும் உடைக்கவோ பூசவோ முன்பு ஒரு கட்டடப் பொறியியலாளர் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் கேட்க வேண்டியவை

கொங்கிறீட் உறைபனிக்கும் உப்புக்கும் ஏற்றதா என்று கேளுங்கள். கனடிய நியமப்படி இவ்வாறான வெளிப்புற வேலைக்கு 32 மெகாபாஸ்கல் வலிமையும், 5 முதல் 8 சதவீதக் காற்றும், சீமெந்தின் நிறையில் 0.45 பங்கிற்கு மேற்படாத தண்ணீரும் வேண்டும். லொறியில் வரும் கொங்கிறீட்டின் சிட்டையில் வலிமையும் காற்றின் அளவும் எழுதப்பட்டிருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். இலகுவாகப் பரவட்டும் என்று வாசலில் வைத்து மேலதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் அத்தனையும் வீண். ஏழு நாட்களாவது ஈரமாகப் பேண வேண்டும். முதல் பனிக்காலத்தில் உப்புப் போடாமல் மண் தூவுவது நல்லது. ஆகவே செப்ரெம்பர் முடிவதற்குள் வேலையை முடித்து விடுவதே எமது சிபாரிசு.

மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் இழுத்துக் கீறி விடும் முறை மலிவானது, சிறந்தது. தண்ணீர் நிற்காமல் ஒவ்வொரு படியும் முன்பக்கம் மிகச் சிறிதளவு சரிய வேண்டும்.

படிகளின் உயரம் ஒரே அளவாக இருப்பதை வலியுறுத்துங்கள். ஒன்ராறியோ கட்டட விதிப்படி வீட்டுப் படியொன்றின் உயரம் 200 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. அடுத்தடுத்த படிகளுக்கு இடையே 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இது அளவுகடந்த கண்டிப்பு என்று தோன்றலாம். முதல் இரண்டு படியில் கால் உயரத்தைப் பழகிக் கொள்கின்றது, மூன்றாவதில் கண் பார்க்காமலே கால் போகின்றது. அங்கே உயரம் மாறினால் தடக்கும். பழைய படியின் மேல் ஒரு படை கொங்கிறீட்டோ கல்லோ பதிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிழை விடுகின்றனர். மேற்படி உயர்ந்து விடும், அல்லது கடைசிப்படி குறைந்து விடும்.

கைபிடியைப் பற்றி எமது கருத்து விதியையும் தாண்டியது. ஒரு குடும்பம் வாழும் வீட்டின் வெளிப்புறத்தில் மூன்று படிவரை கைபிடி கட்டாயமில்லை என்று விதி சொல்கின்றது. முதியவர் இருக்கும் வீட்டில் ஒரு படி என்றாலும் கைபிடி வேண்டும், முடிந்தால் இரு பக்கமும் வேண்டும். பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமானவர் ஏறும்போது பிடிக்கும் பக்கம் இறங்கும்போது உதவாது. அலங்கார வளைவு எதற்கும் உதவாது, கை சுற்றிப் பிடிக்கக்கூடிய உருளையாக இருந்தால் போதும்.

வேலை நடக்கும்போதும் சுகாதாரத்தைக் கவனிக்க வேண்டும். கொங்கிறீட்டை உடைக்கும்போதும் அரியும்போதும் கிளம்பும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலைப் பாதிப்பது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. தண்ணீர் விட்டு அரியச் சொல்லுங்கள், ஜன்னல்களை மூடுங்கள், பிள்ளைகளையும் ஆஸ்மா உள்ளவர்களையும் தள்ளி வையுங்கள். ஈரச் சீமெந்து கடுமையான காரத்தன்மை உள்ளது, வெறுங்கையால் தொட்டால் தோல் எரிந்து புண்ணாகும்.

வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுக்காரர்களும்

எமது உறவுகள் பலர் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கின்றனர். பக்கவாசல் படிதான் அவர்களின் ஒரே வழி. "பார்த்துத்தானே வந்தனீங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 2006 ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டம் இதை ஏற்பதில்லை. குடிவரும்போதே பழுது தெரிந்திருந்தாலும், அதைத் திருத்தும் பொறுப்பு வீட்டுக்காரருடையதே. பனி அள்ளுவது குடியிருப்பவரின் வேலை என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வைத்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. பனியில் சறுக்கி விழுந்த ஒரு பேஸ்மென்ற் வாடகைக்காரரின் வழக்கில், அப்படியான வாசகம் வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பை நீக்காது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. ரொறன்ரோ மாநகர சொத்துப் பராமரிப்பு விதிகளும் படிகளும் கைபிடிகளும் பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டும் என்கின்றன. முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பயன் இல்லையென்றால் 311 இற்கு அழைக்கலாம். வீட்டுக்காரராக இருக்கும் எம்மவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்வது நன்று. ஒரு படியைத் திருத்தும் செலவு, ஒரு வழக்கின் செலவைவிட மிகக் குறைவு.

செலவும் ஏமாற்றும்

செலவு உண்மையான தடை என்பதை நாம் மறுக்கவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்ள வீடுகளுக்கு மத்திய அரசின் வீட்டு அணுகல் வரிச்சலுகை உண்டு. 2022 இலிருந்து வருடத்துக்கு 20,000 டொலர் வரையான செலவைக் கணக்கில் காட்டலாம். வழக்கமான பராமரிப்பு இதில் சேராது. முதியவர் பாதுகாப்பாக நடமாடுவதற்கான நிலையான மாற்றமாக, உதாரணமாகக் கைபிடி, சாய்தளம் போன்றவையாக இருக்க வேண்டும். வேலை தொடங்க முன்பே உங்கள் வரிக் கணக்காளரிடம் கேட்டு, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். காப்புறுதி உள்ளவரா என்று பாருங்கள். கட்டட அனுமதி தேவையா என்பதை மாநகரசபையிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் ஒன்ராறியோ வன் கோல் மூலம் இலவசமாக அடையாளமிடச் செய்ய வேண்டும், இது சட்டம். வாசலில் வந்து தட்டி, இன்றே கையெழுத்திட்டால் விலை குறைவு என்பவரிடம் அவசரப்பட வேண்டாம். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பணம் முழுவதையும் முற்கூட்டியே கொடுத்து விடாதீர்கள்.

பணம் சேரும் வரை

படியை மாற்ற வசதி வரும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஆடும் கைபிடியை இந்த வாரமே இறுக்குங்கள். கம்பளத்தைக் கழற்றி எறியுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சொரசொரப்பான மஞ்சள் நாடா ஒட்டுங்கள். ஆள் வந்தால் தானாக எரியும் மின்விளக்கு ஒன்று போடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் படியில் கொட்டினால் அதைத் திருப்பி விடுங்கள். வாசலுக்குள்ளே ஒரு கதிரை வையுங்கள், ஒற்றைக் காலில் நின்று சப்பாத்துக் கழற்றுவதும் விழுத்தும். குப்பை போடத்தானே என்று பாட்டாச் செருப்போடு பனியில் இறங்க வேண்டாம். வெளியே போகும் பெண்கள் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, கைபிடிக்கு மறு கை என்று பழகுவது நல்லது, பைகளைப் பிள்ளைகள் தூக்கட்டும்.

கடைசியாக ஒன்று. விழாதவர்களையும் உடைந்த படி பாதிக்கின்றது. விழுந்து விடுவேனோ என்ற பயத்தில் நவம்பரில் வீட்டுக்குள் போனவர்கள் ஏப்ரல் வரை வெளியே வருவதில்லை. கோயில் இல்லை, தேவாலயம் இல்லை, முதியோர் ஒன்றுகூடல் இல்லை, லோறன்ஸ் வரை ஒரு நடை இல்லை. நடக்காத காலின் தசை மெலிகின்றது, மெலிந்த கால் இன்னும் விரைவில் விழுகின்றது, பேச ஆளில்லாத மனமும் சோர்கின்றது. "அம்மா இப்ப வெளிய வர விரும்பிறேல்லை" என்று பிள்ளைகள் சொல்லும்போது, அம்மாவுக்கு விருப்பம் இல்லையா, அல்லது வாசலில் பயமா என்று ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள். பயம்தான் என்றால், அதற்கு மருந்து வைத்தியரிடம் மட்டும் இல்லை. சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் படியைத் தட்டிப் பார்ப்பதில் தொடங்கலாம்.